புயலுக்குப் பின் குறைந்த வாடகை வீடுகள் எங்கே போகின்றன? அமெரிக்காவின் வளைகுடாக் கரை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கரையோரவாசி

வணக்கம். ஃப்ளாரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடாவை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாழ்கிறேன். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் சூறாவளி எங்கள் கரையைத் தொடவில்லை. வெகுதொலைவில் கடலிலேயே வடக்கு நோக்கிப் போய்விட்டது. ஆனால் அது தள்ளிவிட்ட கடல்நீர் நள்ளிரவில் எங்கள் தெருக்களில் இடுப்பளவு ஏறியது. பதின்மூன்று நாள் கழித்து மில்டன் சூறாவளி வந்தபோது, நனைந்த மெத்தைகளும் சுவர்ப்பலகைகளும் வாசல்களில் குவிந்து கிடந்தபடியே இருந்தன.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, இங்குள்ள ஒரு மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு) குடியிருப்பில் உதவி வருகிறோம். அறுபத்து நான்கு வீடுகள். உணவகங்களில் பரிமாறுகிறவர்கள், முதியோர் இல்லங்களில் பணிவிடை செய்கிறவர்கள், ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள். வீடு அவர்களுடையது, அது நிற்கும் நிலம் வேறொருவருடையது. இவர்களைத் தவிர, கடற்கரைக்கு அருகே பழைய இரட்டை வீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்போது ஊரிலேயே இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை.

மத்திய அரசின் பேரிடர் மீட்பு மானியத்தை எப்படிச் செலவிடுவது என்று எங்கள் கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். படித்துப் பார்த்தேன். வீட்டு உரிமையாளர்களுக்குப் பழுதுபார்ப்பு உதவி முதலில் வருகிறது, வாடகை வீடுகள் கடைசியில் ஒரு பத்தியாக வருகின்றன. இது சரியில்லை என்று மனம் சொல்கிறது. ஆனால் என்ன எழுத வேண்டும், எந்த வாக்கியத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. கத்ரீனா, ஐக், லாரா புயல்கள் என்று ஏற்கெனவே இதைக் கடந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்கே தவறு நடந்தது என்று சொல்லுங்கள்.

கப்பல்தளம்

சகோதரி, 2005 ஆகஸ்ட் 29 அன்று நான் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவில் இருந்தேன். கப்பல் கட்டும் தளத்தில் வேலை. மேற்கே பாஸ் கிறிஸ்டியன் பக்கம் கடல் சுமார் 28 அடி உயர்ந்தது. அங்கே வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் நிற்பதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தவறு நடந்தது என்று கேட்கிறீர்கள். எங்கள் மாநிலத்தில் தவறு முதல் மாதத்திலேயே, யாருக்குத் தகுதி என்று எழுதிய வரியிலேயே நடந்தது.

மிசிசிப்பிக்கு ஐந்து பில்லியன் டாலருக்கு மேல் வந்தது. முதல் கட்ட உதவி யாருக்கு? சொந்த வீட்டில் குடியிருந்தவர், வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருந்தவர், வீட்டுக்குக் காப்பீடு வைத்திருந்தவர், கடல்நீர் ஏறிப் பாதிக்கப்பட்டவர். இந்த நான்கும் பொருந்தினால் 1,50,000 டாலர் வரை. காப்பீட்டுக்குப் பணம் கட்ட முடியாத ஏழைகள் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்தார்கள். காற்றில் கூரை பறந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. எங்கள் பின்தெருவில் ஓர் அம்மா இருந்தார், கணவரை இழந்தவர். கூரையின் ஒரு பக்கம் முழுதும் போய்விட்டது, மழை உள்ளே கொட்டி மரச்சட்டங்கள் உளுத்துவிட்டன. கடல்நீர் அவர் வீட்டுக்குள் வரவில்லை என்பதால் ஒரு காசு கிடைக்கவில்லை. நீல நிறத் தார்ப்பாயின் கீழ் மூன்று மழைக்காலம் இருந்தார்.

இந்த மானியத்தின் பொது விதிப்படி 70 சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். கத்ரீனாவுக்கு அதை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். மிசிசிப்பி அதற்கும் மேலாக விலக்குகள் வாங்கியது. பிறகு வீட்டுக்கான பணம் மிச்சம் என்று சொல்லி, 60 கோடி டாலரைக் கல்ஃப்போர்ட் துறைமுக விரிவாக்கத்துக்குத் திருப்பினார்கள். 2008 ஜனவரியில் மத்திய வீட்டுவசதித் துறைச் செயலர் அல்ஃபோன்சோ ஜாக்சன் அதற்கு ஒப்புதல் தந்தார். வீடுகளுக்கான தேவை இன்னும் இருக்கிறது என்ற கவலையை அதே கடிதத்தில் எழுதிவிட்டுத்தான் ஒப்புதல் தந்தார். மறுக்கச் சட்டம் தனக்கு இடம் தரவில்லை என்பது அவர் வாதம். பணம் மிஞ்சியது உண்மைதான். தகுதியை அவ்வளவு குறுக்கினால் மிஞ்சாமல் என்ன செய்யும்?

வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பரில் சமரசம் ஏற்பட்டு, விடுபட்ட ஏழைக் குடும்பங்களுக்கு 13.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். புயல் அடித்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த அம்மா அதற்கு முன்பே மகன் வீட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டார்.

ஆகவே உங்கள் கடிதத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: வீட்டுக்கென ஒதுக்கிய தொகை வேறு எதற்கும் மாற்றப்படக் கூடாது, மாற்ற வேண்டுமானால் மறுபடியும் மக்கள் கருத்துக் கேட்க வேண்டும்.

மேட்டுநிலம்

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. துறைமுகம் என்பது வேலை. வேலை இல்லாத ஊரில் குறைந்த வாடகை வீடு கட்டி யார் குடியிருப்பது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு நான்கு அடி மேலே இருக்கும் நிலத்தில் மறுபடியும் மறுபடியும் பொதுப்பணத்தில் ஏன் கட்ட வேண்டும்? ஏழைகளை அதே ஆபத்தில் திரும்பக் குடியேற்றுவது அவர்களுக்குச் செய்யும் உதவியா? நிலத்தை அரசே வாங்கிக்கொண்டு, அவர்களை உள்ளே தள்ளி மேடான இடத்தில் குடியமர்த்துவதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

வாடகைக் குடி

மேட்டுநிலம் ஐயாவுக்கு: நான் லூசியானாவின் லேக் சார்ல்ஸில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அந்த ஊர் கடலிலிருந்து முப்பது மைல் உள்ளே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 27 அதிகாலையில் லாரா மணிக்கு 150 மைல் வேகத்தில் கரையைக் கடந்தது. எங்களைச் சிதைத்தது காற்றுதான். அக்டோபர் 9இல் டெல்டா புயல், பிப்ரவரியில் உறைபனி, மே 17இல் பெருமழை வெள்ளம். ஒன்பது மாதத்துக்குள் நான்கு பேரிடர்கள்.

என்னுடைய அடுக்ககத்தில் கீழ்த்தளம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது என்று சொல்லி எல்லோருடைய ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார்கள். பொருள்களை எடுத்துக்கொள்ள ஐந்து நாள். நான் அப்போது ஹூஸ்டன் பக்கம் ஒரு விடுதியில் இருந்தேன், இரண்டரை மணி நேரப் பயணம், காரில் பெட்ரோல் போடக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை. போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கட்டில் குப்பைக் குவியலின் மேல் கிடந்தது.

வீட்டுக்காரருக்குக் காப்பீட்டுப் பணம் வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து அதே கட்டடம் புதுப் பூச்சோடு திறந்தது. வாடகை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. நாடாளுமன்றம் எங்கள் பகுதிக்கு நீண்டகால மீட்பு நிதி ஒதுக்கியது 2021 செப்டம்பர் 30 அன்று. பதின்மூன்று மாதம். அந்தப் பதின்மூன்று மாதத்தில் வாடகைக்கு இருந்தவள் எங்காவது வேர்விட்டாக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். உதவி வரும்போது அவளுக்கு அந்த ஊரில் முகவரியே இருக்காது. முகவரி இல்லாதவளை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணாது. பிறகு வாடகை வீட்டுக்குத் தேவை குறைவு என்று எழுதுகிறார்கள்.

கரையோரவாசி அக்கா, இதைக் கட்டாயம் எழுதுங்கள்: இப்போது ஊரில் இருப்பவர்களை எண்ணித் தேவையைக் கணக்கிடக் கூடாது. புயலுக்கு முந்தைய நாள் யார் இருந்தார்கள் என்று எண்ண வேண்டும்.

தூண்வீடு

நான் டாம்பா பகுதியில் கட்டுமானப் பொறியாளர். நிதியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் 50 சதவீத விதியைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே குறைந்த விலை வீடுகளை அழிப்பதில் புயலுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

வெள்ள மண்டலத்தில் உள்ள ஒரு வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு, அந்தக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியையோ அதற்கு மேலோ எட்டினால், அது கடும் சேதம் அடைந்த வீடு. அப்படி முடிவானால் வெறும் பழுதுபார்ப்பு செல்லாது. இன்றைய விதிப்படி தரைமட்டத்தையே உயர்த்த வேண்டும், அல்லது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். மத்திய வெள்ளக் காப்பீட்டில் ஓர் ஊர் சேர்ந்திருக்க இதை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும், ஊராட்சியைக் குறை சொல்ல முடியாது. விதியின் நோக்கமும் நல்லதுதான்.

ஆனால் அது யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கணக்கில் நிலத்தின் மதிப்பு சேராது, கட்டடம் மட்டும்தான். 1950களில் கட்டிய ஒரு சிறிய வீடு, கட்டட மதிப்பு 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டடித் தண்ணீர் நின்றால் சுவர்ப்பலகை, தரை, மின்கம்பி, சமையலறை அலமாரி எல்லாம் மாற்ற 40,000 டாலர் ஆகிவிடும். அவ்வளவுதான், எல்லை தாண்டியாயிற்று. அதே இரண்டடித் தண்ணீர் பத்து லட்சம் டாலர் வீட்டில் நின்றால் இந்த விதி எட்டிக்கூடப் பார்க்காது. கான்கிரீட் தளத்தின் மேல் நேராக நிற்கும் பழைய வீட்டைத் தூக்கி நிறுத்த ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆவது இங்கே சாதாரணம். மத்திய வெள்ளக் காப்பீடு வைத்திருந்தால் விதிக்கு ஏற்ப மாற்றும் செலவுக்கு 30,000 டாலர் வரை தனியாகக் கிடைக்கும். வைத்திருக்காதவருக்கு அதுவும் இல்லை.

இரண்டு விஷயங்களை வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். முதலாவது, கடும் சேதக் கடிதம் வந்தவுடன் மனம் உடைந்து விற்றுவிட வேண்டாம். வரி மதிப்பீட்டுப் பதிவில் இருக்கும் கட்டட மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து, புயலுக்கு முன் அந்தக் கட்டடம் என்ன பெறும் என்று அறிக்கை வாங்கிக் கொடுக்கலாம். மதிப்பு உயர்ந்தால் சதவீதம் இறங்கும். அந்த ஒரு தாளால் தப்பிய வீடுகளை நானே கண்டிருக்கிறேன். இரண்டாவது, கடிதம் வந்த வாரத்திலேயே வாசலில் வந்து ரொக்கம் தருகிறேன் என்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் வாங்குவது நிலத்தை. வீட்டுக்கு அவர் கணக்கில் மதிப்பு கிடையாது.

முத்திரைத்தாள்

சட்ட உதவிப் பணியில் நியூ ஆர்லியன்ஸில் சில ஆண்டுகள் இருந்தவள். இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலில் சூத்திரம். லூசியானாவின் ரோட் ஹோம் திட்டம் சுமார் 1,30,000 வீட்டு உரிமையாளர்களுக்கு ஒன்பது பில்லியன் டாலர் அளவில் கொடுத்தது. அளவில் பார்த்தால் பிரம்மாண்டம். ஆனால் உதவித் தொகையைக் கணக்கிட்ட முறை இது: புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, மறுகட்டுமானச் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அது. அதிலிருந்து காப்பீடு, மற்ற உதவிகள் கழியும். உச்சவரம்பு 1,50,000 டாலர். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள், ஒரே உயரத்தில் தண்ணீர், இரண்டையும் கட்ட ஒன்றரை லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெள்ளையர் பகுதியில் இரண்டு லட்சம் பெறும் வீடு, அதற்கு முழுத் தொகை. மற்றது கறுப்பர் பகுதியில் 80,000 பெறும் வீடு, அதற்கு 80,000தான். மரத்துக்கும் ஆணிக்கும் கடையில் இருவரும் ஒரே விலைதான் கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நிறவெறி குறைத்து வைத்த நில மதிப்பை அரசு அப்படியே எடுத்து உதவிக்கு அளவுகோலாக வைத்தது. 2008இல் வழக்கு, 2011 ஜூலையில் 6.2 கோடி டாலர் சமரசம். அதற்குள் கறுப்பர் பகுதியான லோயர் நைன்த் வார்டில் தெரு தெருவாகப் புல் முளைத்திருந்தது.

அடுத்தது பத்திரம். தாத்தா பெயரில் இருக்கும் வீட்டில் பேரன் குடியிருப்பான். வரி கட்டுவான், கூரை மாற்றுவான். வாரிசுரிமையை நீதிமன்றத்தில் பதிவு செய்திருக்க மாட்டார்கள். சொத்து பதினைந்து உறவினர்களுக்குப் பாத்தியப்பட்டதாகச் சிதறிக் கிடக்கும். புயலடித்தால் இவன் உரிமையாளன் இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். கத்ரீனாவுக்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதில் சிக்கின. 2021 செப்டம்பரில்தான் மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தன் விதியைத் தளர்த்தி, வேறு ஆவணம் இல்லாதபோது வாரிசுச் சொத்தில் குடியிருப்போர் தாமே உறுதிமொழி எழுதித் தரலாம் என்று ஏற்றது. உங்கள் கவுன்டித் திட்டமும் அதே உறுதிமொழியை ஏற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபெமா ஏற்றதைக் கவுன்டி ஏற்றாக வேண்டும் என்று தானாக ஆகிவிடாது.

வரவுசெலவு

வாடகை வீடுகள் கட்டும் நிதியில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முத்திரைத்தாள் அம்மா சொன்னதன் மறுபாதி இது. ரோட் ஹோம் நடந்த அதே காலத்தில் சிறு வாடகை வீடுகளுக்கென லூசியானா ஒரு திட்டம் வைத்திருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஏழைகள் குடியிருந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு, நான்கு குடித்தனம் கொண்ட சின்னக் கட்டடங்கள். அவற்றின் உரிமையாளர்களும் பெரிய பணக்காரர்கள் அல்லர். மேல் போர்ஷனில் தாங்கள் இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விட்டவர்கள் பலர். அரசு அவர்களிடம் என்ன சொன்னது? நீங்களே கடன் வாங்கிக் கட்டி முடியுங்கள், குறைந்த வாடகைக்குக் குடி வைத்த பிறகு பணம் தருகிறோம் என்றது. புயலில் எல்லாம் போனவருக்கு எந்த வங்கி கடன் தரும்? திட்டம் படுத்துவிட்டது. பிறகு முன்பணம் தருவதாக மாற்றினார்கள், ஆண்டுகள் கடந்திருந்தன. உங்கள் வரைவில் ‘செலவை ஈடுசெய்தல்’ என்ற சொல் வாடகை வீட்டுப் பகுதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

பெரிய கட்டடங்களுக்கு வரிச்சலுகை முறை. கத்ரீனாவுக்குப் பின் 2005 டிசம்பரில் வளைகுடா மண்டலச் சட்டம் கொண்டுவந்து கூடுதல் வரிச்சலுகைகளை ஒதுக்கினார்கள். முதலீட்டாளர்கள் பணம் போடுவார்கள், பத்தாண்டுகள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள், குறைந்த வாடகை அடுக்ககம் எழும்பும். நல்ல முறைதான். ஆனால் லாபம் ஈட்டுகிறவனுக்குத்தான் வரிக்கழிவு தேவை. 2008இல் நிதி நெருக்கடி வந்ததும் லாபம் போயிற்று, வாங்குவோரும் போயினர். பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் இந்தச் சந்தையைவிட்டு வெளியேறின. திட்ட அளவில் ஒப்புதல் பெற்ற எத்தனையோ கட்டடங்கள் அப்படியே நின்றன. இன்னொன்று, இந்த வீடுகள் பெரும்பாலும் வட்டார நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதம் உள்ளவர்களை எண்ணி வாடகை வைப்பவை. உங்கள் உணவகப் பணிப்பெண் 30 சதவீதத்தில் இருப்பார். அவருக்கு அந்த வாடகையும் எட்டாது. குறைந்த வருமானத்தோருக்கு என்று பொதுவாக எழுதியிருந்தால் போதாது. 30 சதவீத வருமானத்தில் உள்ளவர்களுக்கு இத்தனை வீடுகள் என்று எண் வேண்டும்.

இதே நேரத்தில் நியூ ஆர்லியன்ஸில் நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளை இடிக்க நகரமன்றம் ஒருமனதாக வாக்களித்தது, 2007 டிசம்பர் 20 அன்று. பி.டபிள்யூ. கூப்பர், சி.ஜே. பீட், லஃபீட், செயின்ட் பெர்னார்ட். சுமார் 4,500 வீடுகள். வெளியே மக்கள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் செங்கல் கட்டடங்களில் பல புயலைத் தாங்கி நின்றவை. இடத்தில் புதிதாக எழுந்த கலப்பு வருமானக் குடியிருப்புகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஏழைகளுக்கான வீடுகளின் எண்ணிக்கைதான் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அந்த முடிவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தீவுக்குடி

கால்வெஸ்டனிலிருந்து எழுதுகிறேன். ஐக் 2008 செப்டம்பர் 13 அன்று வந்தது. தீவில் 569 பொதுக் குடியிருப்பு வீடுகளை இடித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று திரும்பக் கட்டுவதாக வாக்குறுதி. பிறகு ஊருக்குள்ளேயே எதிர்ப்பு. 2012இல் அவற்றை எதிர்த்தவரே மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய நிதி நின்றுவிடும் என்று எச்சரிக்கை வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. முழுக் கணக்கும் தீர பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பணம் கையில் இருந்தும் நடந்தது இது. ஆகவே எத்தனை வீடு என்பதோடு எந்தத் தேதிக்குள் என்பதையும் கேளுங்கள்.

மேட்டுநிலம்

எல்லாவற்றையும் படித்தேன். துறைமுகத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தம்மாவின் கூரைக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையையும் திருப்பிய தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வாதாட எதுவும் இல்லை.

ஆனால் இடமாற்றம் பற்றிய என் கருத்து மாறவில்லை. லூசியானாவின் ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. 2016இல் 4.83 கோடி டாலர் ஒதுக்கி, அங்கிருந்த பழங்குடிக் குடும்பங்களுக்காக ஷ்ரீவர் அருகே நாற்பது மைல் வடக்கே புதிய குடியிருப்பு கட்டினார்கள். 2022இல் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. இப்படி ஊரையே சேர்த்து நகர்த்துவது முடியும்தானே?

முத்திரைத்தாள்

முடியும், ஐயா. ஆனால் அங்கும் ஆறு ஆண்டுகள் ஆயின என்பதையும், யார் பெயரால் முடிவெடுப்பது என்பதில் அந்த மக்களுக்கும் மாநிலத்துக்கும் இடையே கசப்பு வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே போனது ஒரு சமூகம். மற்ற இடங்களில் அரசு வீட்டை வாங்கும்போது பணம் உரிமையாளருக்குப் போகிறது, வாடகைக்காரர் தெருவில் நிற்கிறார். உண்மையில் மத்தியப் பணத்தில் வீட்டை வாங்கினால், இடம்பெயரும் வாடகைக்காரருக்கும் இடமாற்ற உதவி தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பலருக்கு அது தெரியாது, தெரிவிப்போரும் குறைவு. இடமாற்றத்தை நானும் எதிர்க்கவில்லை. மேடான இடத்தில் அதே வாடகையில் வீடு தயாரான பிறகு பள்ளத்து வீட்டை இடியுங்கள். வரிசை மாறினால் அதற்குப் பெயர் வெளியேற்றம்.

கப்பல்தளம்

மேடான இடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தற்காலிகமாகத் தங்க ஃபெமா தந்த ட்ரெய்லர் வீடுகளில் ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்து கண் எரிந்தது, மூச்சு முட்டியது. 2008 பிப்ரவரியில் அரசின் சோதனையே அதை ஒப்புக்கொண்டது. அதற்கு மாற்றாக மிசிசிப்பி, ‘காட்டேஜ்’ என்று சிறிய, உறுதியான, முன்வராந்தா வைத்த மரவீடுகள் செய்தது. சுமார் 2,800 வீடுகள். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன், மனிதன் மானத்தோடு வாழக்கூடிய வீடு. அடித்தளம் போட்டு நிரந்தரமாக்கிக்கொள்ளலாம் என்று வந்தபோது கரையோர நகரங்கள் பலவும் மறுத்தன. நம் தெருவில் வேண்டாம், மனை மதிப்பு குறையும் என்றார்கள். அதே ட்ரெய்லரில் ஓராண்டு கிடந்தவர்களே அண்டை வீட்டுக்காரனுக்கு அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரையோரவாசி

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. அச்செடுத்து வைத்துக்கொண்டு வரைவை மறுபடி படித்தேன். வரவுசெலவு ஐயா சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. சிறு வாடகை வீட்டு உரிமையாளர்களுக்குச் செலவை ஈடுசெய்யும் முறை. அடிக்கோடிட்டுவிட்டேன்.

இன்னொரு கவலை. மொபைல் ஹோம் குடியிருப்பின் நில உரிமையாளர் இடத்தை விற்கப் போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. அறுபத்து நான்கு குடும்பங்களுக்கும் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

வரவுசெலவு

ஃப்ளாரிடா சட்டத்தின் 723ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் குறைந்தது ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அவர் இடத்தைப் பொதுச் சந்தையில் விற்பனைக்கு வைத்தால், முறைப்படி பதிவு செய்த குடியிருப்போர் சங்கத்துக்கு அதே விலையில், அதே நிபந்தனைகளில் வாங்க 45 நாள் உண்டு. கவனம், யாராவது தாமாகத் தேடிவந்து விலை பேசினால் இந்த உரிமை வலுவிழந்துவிடும். அதனால் காத்திருக்க நேரமில்லை. சங்கம் அமைக்க வீட்டு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சங்கம் இல்லாவிட்டால் உரிமை கேட்க ஆளே இல்லை.

வாங்கப் பணம் எங்கே என்பீர்கள். அதைத்தான் வரைவில் சேர்க்கச் சொல்லுங்கள்: குடியிருப்போர் சங்கமோ நில அறக்கட்டளையோ நிலம் வாங்க மானியம். இர்மா சூறாவளி 2017இல் ஃப்ளாரிடா கீஸ் தீவுகளைச் சிதைத்த பிறகு, பிக் பைன் கீயில் ஒரு நில அறக்கட்டளை மனைகளை வாங்கித் தூண்களின் மேல் சிறு வீடுகள் கட்டி அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்குத் தந்தது. நிலம் அறக்கட்டளையின் பெயரிலேயே இருப்பதால் அதைச் சந்தை தூக்கிக்கொண்டு போக முடியாது. வரிச்சலுகைக் கட்டடங்களில் குறைந்த வாடகைக் கட்டுப்பாட்டைப் பதினைந்தாம் ஆண்டிலேயே கழற்றிக்கொள்ளச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. நில அறக்கட்டளையில் அந்தச் சந்து இல்லை.

தூண்வீடு

வாங்கினால் போதாது, அடுத்த புயலுக்கு நிற்கவும் வேண்டும். அலபாமாவில் 2016 முதல் கூரையை உறுதிப்படுத்த 10,000 டாலர் வரை மானியம் தருகிறார்கள். வளைய வரியுள்ள ஆணி, பலகை இணைப்புகளுக்கு மேல் நீர்க்காப்பு நாடா, ஓரங்களில் கூடுதல் பிடிப்பு, அவ்வளவுதான். காற்று மேலோட்டைப் பிய்த்தாலும் மழை உள்ளே இறங்காது. அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் அதற்கு பிரீமியம் குறைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாடகை வீடுகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். காப்பீட்டு பிரீமியம் ஏறினால் அது அடுத்த மாத வாடகையில்தான் வந்து உட்காரும்.

வாடகைக் குடி

அக்கா, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது குடியிருப்புக்காரர்களில் நான்கு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் கூட்டம் பகல் இரண்டு மணிக்கு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கட்டுமான ஒப்பந்தக்காரர்கள்.

கரையோரவாசி

கூட்டம் முடிந்தது. தலைக்கு மூன்று நிமிடம். எங்கள் பக்கம் ஒன்பது பேர் பேசினோம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் சீருடையோடு வந்து, தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த கடும் சேதக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். எழுத்து மூலமாகக் கொடுத்ததில் ஏழு வரிகள்: வீட்டு நிதியை மாற்றத் தடை, புயலுக்கு முந்தைய நாள் கணக்கு, வாரிசு உறுதிமொழி, சிறு வாடகை வீடுகளுக்கு முன்பணம், 30 சதவீத வருமானத்தோருக்கு எண்ணும் தேதியும், நிலம் வாங்க மானியம், கூரை. அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி என்பதால் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

சங்கத்துக்கு 43 கையெழுத்து வேண்டும். நேற்று இரவு வரை 31 வந்திருக்கிறது. மீதியில் ஏழு குடும்பங்கள் ஜார்ஜியாவிலும் டென்னசியிலும் உறவினர் வீடுகளில் இருக்கின்றன, தொலைபேசி எண் தேடிக்கொண்டிருக்கிறோம். முத்திரைத்தாள் அம்மா, ஊரில் இல்லாதவர்களின் சம்மதத்தைத் தபாலில் வாங்கினால் செல்லுமா, நோட்டரி முத்திரை வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் கவர்களை அனுப்ப வேண்டும்.

முத்திரைத்தாள்

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும், தபாலில் வந்தாலும் எழுத்துதான். ஆனால் நான் லூசியானாவில் பழகியவள். சனிக்கிழமைக்கு முன் உங்கள் பகுதி சட்ட உதவி மையத்தில் படிவத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள். மனை எண்ணையும் வீட்டுப் பதிவில் உள்ள பெயரையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள், தேதியை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். திரும்பி வரும் கவருக்குத் தபால்தலையை நீங்களே ஒட்டி அனுப்புங்கள்.